தக்காளிக்காரரின் சகலை

சனிக்கிழமைச் சந்தையில் அவரைத் தக்காளிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மாமனார் விட்டுப்போன சின்னத் தோட்டம். மருந்து தெளிக்காமல், மூட்டை உரம் போடாமல், அவரும் மனைவியும் காய்கறி வளர்த்து விற்றார்கள். மற்றக் காய்கள் யாரிடமும் கிடைக்கும். தக்காளி நாற்றுக்கு மட்டும் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். குளிர் விட்டு வெயில் முகம் காட்டியதுமே, "நாத்து எப்ப வரும் தக்காளிக்காரரே?" என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். அவர் பேச்சில் கஞ்சன். "வரும்" என்பார். அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

அந்த வருடம் குளிர் முடியும் சமயத்தில் மனைவியின் தங்கையும் அவள் கணவரும் தோட்டத்துக்கே குடிவந்தார்கள். தங்கையின் கணவர் பஸ் டிரைவர். அவர் ஓட்டிக்கொண்டிருந்த தடத்தையே நிறுத்திவிட்டார்கள்.

"வேற வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க இருக்கட்டுமே. விதைக்கிற நேரத்துல நமக்கும் ஆள் பத்தறதில்ல" என்றாள் மனைவி.

தோட்டத்தில் பாதி தங்கைக்கும் சொந்தம். அவர் என்ன சொல்ல முடியும்? காய் கழுவும் கொட்டகைக்கு மேலே ஓர் அறை இருந்தது. உடைந்த கூடைகளையும் பழைய சாக்குகளையும் வெளியே தள்ளிவிட்டு அதில் இருவரும் தங்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் பட்டாணி விதைத்தார்கள். டிரைவர் ஒரு விதையை விரலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சகலை, இதுல எது முன்பக்கம், எது பின்பக்கம்?"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அவள் கடைசியாகத் தன்னோடு அப்படிச் சிரித்தது எப்போது என்று தக்காளிக்காரர் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

டிரைவர் போட்ட வரிசை கோணல்மாணலாகப் போனது. "வளைவு வந்தா கை தானா திரும்பிடுது அண்ணி" என்றார். அதற்கும் சிரிப்பு. சரி, முளைக்கும்போது பார்க்கலாம் என்று தக்காளிக்காரர் பொறுத்துக்கொண்டார். முளைத்தது. கோணல் வரிசையில் ஒரு விதைகூடத் தவறாமல் முளைத்தது. கயிறு கட்டி நேராக அவர் விதைத்த வரிசையில் எலி புகுந்து பாதியைத் தின்றிருந்தது.

சந்தையிலும் அதே கதைதான். டிரைவர் வாடிக்கையாளர்களைப் பயணிகளைப் போல நடத்தினார். "உள்ள வாங்க, உள்ள வாங்க, பின்னாடி முள்ளங்கிகிட்ட நிறைய இடம் இருக்கு!" கூட்டம் மொய்த்தது. தக்காளிக்காரர் கூடை தூக்கி வைக்கும் எடுபிடி ஆனார். வீட்டிலும், டிரைவருக்குச் சர்க்கரை இல்லாத தேநீர் என்பதை மனைவி இரண்டாம் நாளே மனதில் ஏற்றிக்கொண்டுவிட்டாள். தனக்கு இஞ்சி பிடிக்காது என்பதை அவள் எத்தனை வருடம் கழித்துத் தெரிந்துகொண்டாள் என்று அவர் நினைத்துப் பார்த்தார்.

ஒரு நாள் இரவெல்லாம் மழை. விடிந்ததும் பசுமைக்குடிலைத் திறக்கப் போன தக்காளிக்காரர், டிரைவர் வளர்க்கும் லெட்டூஸ் கீரைப் பாத்தியைத் தாண்டிப் போனார். சேற்றில் கால் புதையாமலிருக்க டிரைவர் பாத்தி ஓரமாகப் பலகைகள் போட்டிருந்தார். தக்காளிக்காரர் குனிந்து ஒரு பலகையைப் புரட்டினார். அடியில் ஓடில்லாத நத்தைகள் கொழகொழவென்று அப்பிக்கிடந்தன. பகலெல்லாம் பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு, இருட்டியதும் ஏறி வந்து இலையைத் தின்னும் ஜாதி. இப்போதே பொறுக்கி எடுத்துப் பலகையை அகற்றிவிட்டால் பாத்தி பிழைக்கும்.

அவர் பலகையை இருந்தபடியே மெதுவாக வைத்துவிட்டுப் போனார்.

தேநீர் குடிக்கும்போது டிரைவர் கேட்டார்: "இந்த மழை லெட்டூஸுக்கு நல்லதுதானே சகலை?"

"நல்லதுதான்."

வாரம் முடிவதற்குள் இலைகள் சல்லடையாகிவிட்டன. டிரைவர் பாத்தி ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "நான் என்ன தப்புப் பண்ணேன்னே தெரியலையே" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தக்காளிக்காரருக்கு நாக்கில் வெல்லம் கரைவதுபோல இருந்தது.

அந்த இனிப்பு சந்தை நாள் வரைதான். டிரைவர் அந்த ஓட்டை இலைகளையே கொண்டுபோய்ப் பரப்பினார். "பூச்சியே தின்னு பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லுது, நீங்க என்ன யோசிக்கிறீங்க?" மதியத்துக்குள் ஓர் இலை மிஞ்சவில்லை. வேனில் திரும்பும் வழியெல்லாம் மனைவி அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகு தக்காளிக்காரருக்கு வேலை ஓடவில்லை. பசுமைக்குடிலின் உள்பக்கம் பிளாஸ்டிக்கில் ஆவி படிந்திருக்கும். அதில் கையகலம் துடைத்துவிட்டு வெளியே பார்ப்பார். மனைவி யாரோடு நிற்கிறாள்? ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாள்? டிரைவர் கையை ஆட்டி என்ன சொல்கிறார்? காற்றுக்காகப் பக்கத்துத் திரைகளைச் சுருட்டிவிட வேண்டும் என்பது மறந்துபோகும். நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தோமா இல்லையா என்று குழம்பி, இன்னொரு முறை தெளிப்பார்.

ஒரு காலை வந்து பார்த்தபோது ஒரு தட்டில் தக்காளி நாற்றுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தன. யாரோ ஒவ்வொன்றையும் அடித்தண்டில் நகத்தால் கிள்ளிவிட்டதுபோல. நாற்றழுகல். புழுக்கமும் ஈரமும் சேர்ந்தால் வரும் நோய். திரைகளை அவசரமாகச் சுருட்டினார், தண்ணீரை நிறுத்தினார், சாம்பல் தூவினார். நோய் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பசுமைக்குடிலில் ஒரு தக்காளி நாற்றும் நிற்கவில்லை.

மனைவி உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "என்னங்க இது?"

"விதை சரியில்ல."

"நீங்களே பழத்துலேர்ந்து எடுத்துக் காயவச்ச விதைதானே?"

அவர் தட்டிலிருந்த மண்ணைக் குப்பையில் கொட்டினார். இனி விதைத்தால் நாற்று தயாராவதற்குள் ஊரெல்லாம் நட்டு முடித்திருக்கும். தக்காளி இல்லாத தக்காளிக்காரர் என்று சந்தையே பேசும்.

அன்று மதியம் கொழுந்தியாள் தயங்கித் தயங்கி வந்தாள். "மாமா, கொஞ்சம் மேல வந்து பாருங்களேன்."

கொட்டகைக்கு மேலே அந்த அறைக்குள் அவர் முதல்முறையாக நுழைந்தார். ஜன்னல் விளிம்பில், அலமாரியில், கட்டிலின் தலைமாட்டில், எங்கு பார்த்தாலும் காகிதக் குவளைகள், தயிர் டப்பாக்கள், அடியில் ஆணியால் துளை போட்ட தகர டின்கள். எல்லாவற்றிலும் தக்காளி நாற்றுகள். வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னல் பக்கம் லேசாகச் சாய்ந்து, தண்டு தடித்து நின்றன.

டிரைவர் சுவரோடு ஒட்டி நின்றார். "நெருக்கமா இருக்குன்னு நீங்க பிடுங்கிப் போட்டீங்களே சகலை, அதுங்கதான். ஏறவேண்டிய ஆளுங்களை ஸ்டாப்புலயே விட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சு. மனசு கேக்கல. அள்ளிட்டு வந்து வச்சேன். உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல."

"நல்லவேளை தம்பி!" என்றாள் மனைவி.

தக்காளிக்காரர் குவளை குவளையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றாவது வாடியிருக்கக் கூடாதா, ஓர் இலையாவது பழுத்திருக்கக் கூடாதா என்று அவர் கண் தேடியது. கிடைக்கவில்லை.

சனிக்கிழமை அந்தக் குவளைகளில் பாதியைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் தொண்டையைத் திறந்தார்: "தக்காளிக்காரர் நாத்து! தக்காளிக்காரர் நாத்து வந்தாச்சு!"

பள்ளிக்கூடச் சமையல்காரம்மா எப்போதும்போல முதல் ஆளாக வந்தாள். ஒரு நாற்றின் தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "போன வருஷத்தைவிடத் திடமா இருக்கே, என்ன பண்ணீங்க?"

டிரைவர் விட்டுக்கொடுக்காமல், "அதெல்லாம் அவரோட கைராசி" என்றார்.

அந்தப் பெருந்தன்மைதான் தக்காளிக்காரருக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பார். "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றார். "என்னோடது பூரா அழுகிப்போச்சு. இது சகலை வளர்த்தது."

சமையல்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவரின் முகம் மலர்ந்தது. சாயங்காலம் காலிக் கூடைகளைக் கழுவும்போதும் அது அப்படியே இருந்தது. "இத்தனை பேர் முன்னாடி எம்பேரைச் சொன்னீங்களே சகலை. வேற யாரும் சொல்ல மாட்டாங்க. பெரிய மனசு உங்களுக்கு."

இந்த மனிதர் தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைப்பதை அவரால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. கொஞ்சம் வெறுக்கட்டும் என்றிருந்தது.

"உங்க லெட்டூஸ் பலகைக்கு அடியில நத்தை இருந்தது எனக்குத் தெரியும்" என்றார். "முன்னாடியே பார்த்தேன். சொல்லல."

டிரைவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்கு?"

வேறு காரணம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: "அவ உங்ககூடத்தான் சிரிக்கிறா."

டிரைவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தக்காளிக்காரர் அன்றுதான் பார்த்தார். "அவங்க சிரிச்சதுக்கு என் செடி என்னங்க பண்ணுச்சு? எனக்கு ஒண்ணும் வராது, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு அந்த வாரம் பூரா நான் தூங்கல." கையிலிருந்த கூடையைத் தரையில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் முதல் டிரைவர் தன் வேலையைத் தான் பார்த்தார். தக்காளிக்காரரிடம் ஏதாவது கேட்கவேண்டுமென்றால் தன் மனைவியிடம் சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று தக்காளிக்காரர் நினைத்தார். ஆனால் அந்த அமைதியில் களை பிடுங்குவது சாவு வீட்டில் வேலை செய்வதுபோல இருந்தது.

விஷயம் தங்கை வழியாக மனைவியின் காதுக்குப் போனது. தக்காளிக்காரர் பீட்ரூட் நாற்றை நெருக்கம் கலைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நான் சிரிக்கிறது உங்களுக்கு அவ்வளவு உறுத்துச்சா?"

"என்கூட நீ எப்ப சிரிச்சே?"

"நீங்க எப்ப பேசினீங்க?" என்றாள் அவள். "வரும், போகும், ஆச்சு, இல்ல. இந்த நாலு வார்த்தைய வச்சுக்கிட்டு நான் எதைப் பார்த்துச் சிரிக்கறது?"

அவர் அடுத்த நாற்றைப் பிடுங்கினார். அவள் எழுந்து போகவில்லை. அவருக்கு எதிர்ப்புறமாக நகர்ந்து நகர்ந்து நாற்றுகளைப் பிடுங்கினாள். வரிசை முடியும் சமயத்தில் அவர் சொன்னார்: "பயமா இருந்துச்சு. என்னைவிட அவர் நல்லா பண்ணிடுவாரோன்னு."

"நல்லாத்தான் பண்றார்" என்றாள் மனைவி. ஆறுதல் சொல்ல அவள் எப்போதும் பொய் சொல்லமாட்டாள். பிறகு, "நமக்கு நல்லதுதானே?" என்றாள்.

மண் கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும் நாள் வந்தது. மீதி நாற்றுகளை நிலத்தில் நட்டாக வேண்டும். டிரைவர் குவளைகளைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். வந்து நின்றார். சொல்லி அனுப்ப அவர் மனைவி பக்கத்தில் இல்லை.

"எது வரைக்கும் புதைக்கணும்?" என்றார். சகலை என்று சொல்லவில்லை.

"கீழ் இலையைக் கிள்ளிட்டு, மேல் இலை வரைக்கும் உள்ள போகட்டும். தண்டு பூரா வேர் விடும்." ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசியதில் அவருக்கே ஆச்சரியம். தொடர்ந்து, "நான் பண்ணது கேவலமான காரியம்" என்றார்.

"ஆமா" என்றார் டிரைவர்.

அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஒருவர் குழி தோண்ட, ஒருவர் நட்டார். மதியத்துக்கு மேல் காற்று எழுந்தது. நாற்றுகள் அலைந்தன. ஊன்றுகோல் அடித்துக் கட்டினால்தான் நிற்கும். தண்ணீர் ஊற்ற வந்த மனைவி பாத்தியைப் பார்த்துவிட்டு, "அழகா நட்டிருக்கீங்க தம்பி" என்றாள். தக்காளிக்காரருக்குப் பழைய முள் குத்தத்தான் செய்தது. அவர் போய் ஊன்றுகோல் கட்டைத் தூக்கிவந்தார்.

டிரைவர் மரச் சுத்தியலை எடுத்தார். "பிடிங்க."

தக்காளிக்காரர் மண்டியிட்டு, கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சுத்தியல் அவர் தலைக்கு மேலே உயர்ந்தது.

"பார்த்து அடிங்க சகலை."

"அது உங்க மேல இன்னும் எவ்வளவு கோபம் மிச்சம் இருக்குங்கறதைப் பொறுத்தது" என்றார் டிரைவர். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது.

தக்காளிக்காரர் கையை எடுக்கவில்லை. அடி சரியாகக் கோலின் தலையில் விழுந்தது.