நோதரின் அம்மாவுக்குச் சொல்ல

“அப்ப நம்ம ஆளுவ எழுதுன கதை ஒண்ணும் உனக்குப் பிடிக்காதோ?”

“ரெண்டு வாசிச்சேன் அண்ணாச்சி. எங்க சித்தியும் மாமாவும்தான் வாராவ. வீட்டுல படுற பாடு பத்தாதுன்னு புஸ்தகத்துலயுமா?”

லாஞ்சுப் படகை ஓட்டிக்கொண்டிருந்த ரோச் அண்ணாச்சி சிரித்தார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி அந்தக் கப்பல் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. நான் தண்ணீர் கேன்களுக்கும் முட்டைக்கோஸ் மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன்.

கப்பல்களுக்குச் சாமான் கொடுப்பது பெரியப்பாவின் தொழில். கடையில் பில் போடுவதும், லாஞ்சில் போய்ச் சாமானை ஒப்படைப்பதும் என் வேலை. இந்தக் கப்பலின் முதலாளி கடனில் மூழ்கிக் காணாமல் போய்விட்டார். கோர்ட் உத்தரவால் மாதக்கணக்கில் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. ஆட்கள் கரையேற அனுமதி இல்லை. என்ஜின் அறையில் வேலை பார்த்த நோதர் போன வாரம் நெஞ்சு வலியில் செத்துப்போனான். மீனும் இறைச்சியும் தீர்ந்து காலியாகக் கிடந்த குளிரறையில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். உடலைக் கரைக்குக் கொண்டுவர எந்த அலுவலகம் கையெழுத்துப் போடுவது என்று இன்னும் முடிவாகவில்லை. குளிரறையை ஓட்டும் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துகொண்டிருந்தது. ஊரில் அவன் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா என்று அண்ணாச்சி வழியில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்தே எனக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள்தான். நூலகத்தில் அந்த அலமாரி கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, யாரும் வரமாட்டார்கள். அடிக்குறிப்பைக்கூட விடாமல் வாசிப்பேன். பெயர்கள் மனதில் நிற்காததால், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கடைக்கு வரும் மாலுமி ஒருவனின் முகத்தைக் கொடுத்துவிடுவேன். ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பல வருடம் எனக்கு நார்வே நாவலொன்றின் பாதிரியாராக இருந்தார்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் மூன்று பேரும் ஜார்ஜியாக்காரர்கள். ஒருவர் திராட்சைத் தோட்டங்களை எழுதினார். ஒருவர் மலையில் ஆடு மேய்ப்பவர்களை. மூன்றாமவர் போருக்குப் போய்த் திரும்பாத மகன்களையும், கதவைத் தாழிடாமல் காத்திருக்கும் அம்மாக்களையும் மட்டுமே எழுதினார். அவரைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன். டவுன் பஸ்ஸில் அவரை வாசித்து அழுது, நிறுத்தத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கப்பல் துறைமுகத்துக்குள் நின்ற நாட்களில், நோதரும் அவனோடு வேலை பார்த்த லேவானும் கடைக்கு வந்து, ஊர் ஜார்ஜியா என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாதுமை மரத்தில் பனி இறங்குவது முதல், சாவுச் செய்தி கேட்ட தாய் கன்னத்தைக் கீறிக்கொள்வது வரை, உடைந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். உங்கள் அம்மாக்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்றேன். நோதர் கடை வாசலிலேயே மாங்காய் ஊறுகாய் பாட்டிலைத் திறந்து விரலால் தொட்டு நக்கியபடி, நான் சொன்ன எழுத்தாளர்களில் ஒருவரைக்கூட வாசித்ததில்லை என்று சிரித்தான். லேவான் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாமவருடைய நாவலின் கடைசி மகனுக்கு நான் நோதரின் முகத்தைக் கொடுத்தேன்.

கப்பலை நெருங்கினோம். ஜெனரேட்டர் சத்தம் இல்லை. அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எப்போதும் மேலிருந்து கயிறு போடும் லேவான், இன்று ஏணி வழியாக லாஞ்சுக்கே இறங்கி வந்தான். தண்ணீர் கேன்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

நோதர் தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், பேச முடியவில்லை என்று லேவான் அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தானாம். உண்மையைச் சொல்ல இத்தனை நாளும் வாய் வரவில்லை. அவள் இனி நம்பத் தயாராக இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது பேச வேண்டும் என்கிறாள். இப்போது கூப்பிடுவாள், கொஞ்சம் ஆங்கிலம் வருமாம். கரையிலிருந்து வந்திருப்பவள் நான் ஒருத்திதான். என் வெள்ளைச் சுடிதாரை அவன் ஒருமுறை பார்த்தான்.

“என்னளா சொல்லுதான்?” என்றார் அண்ணாச்சி.

சொன்னேன்.

“உடம்பு இங்கன கெடக்கு. ஆஸ்பத்திரின்னு அந்தத் தாய்கிட்ட எப்படிளா சொல்லுவ?”

வாசித்ததில் ஒரு வாக்கியமாவது கிடைக்குமா என்று தேடினேன். மூன்றாமவருடைய நாவல்களில் தபால்காரர் வேலியருகே வந்து சைக்கிளை நிறுத்துவார். அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்ததில் அந்த அம்மா ஏற்கெனவே கறுப்பு உடுத்தியிருப்பாள். வெளியே வசந்தம் வந்திருக்கும். நடுவில் அந்த வார்த்தையைச் சொன்னது யார், எப்படிச் சொன்னார் என்று அவர் எங்குமே எழுதவில்லை. அத்தனை முறை வாசித்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

லேவானின் கையில் போன் அதிர்ந்தது. அவன் அதை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டான்.

“நீ நர்ஸ்,” என்றான். “சுத்தமான படுக்கை. வலி இல்லாமல் இறந்தான். நீ கையைப் பிடித்திருந்தாய். அவள் கத்தினாலும் நிறுத்தாதே. சொல்லு.”