எல்லாவற்றுக்கும் சம்மதம்

சிம் கார்டு கடையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவரான மேனேஜரும் அக்கா என்பார். வேலையில் அவள் புலி. புது சிம் வாங்க வருகிறவரின் போனைக் கையில் வாங்குவாள். அவர் பர்ஸை உள்ளே வைத்து நிமிர்வதற்குள் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டு, 'சம்மதம்' என்பதை அழுத்தி, "வேலை செய்யுது பாருங்க" என்று நீட்டிவிடுவாள். அது யாருடைய சம்மதம் என்று ஒருவரும் கேட்டதில்லை. உட்கார்ந்து படிக்கவிட்டால் வரிசை வாசலைத் தாண்டிவிடும்.

போன வருஷம் அந்தக் கடையை நடத்தும் போன் கம்பெனியில் வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று பங்கு வாங்கியது. உலகத்தில் பாதிப் பேர் அரட்டை அடிப்பது அந்தக் கம்பெனியின் ஆப்பில்தான். கடையில் கேக் வெட்டினார்கள், ஆளுக்கொரு டி-ஷர்ட் கொடுத்தார்கள். சம்மதப் பக்கத்தில் கட்டம் ஒன்று கூடியது. 'பங்குதாரர் நிறுவனத்துடன் பெயர், நம்பர், இருப்பிட விவரங்களைப் பகிர' என்று ஏதோ எழுதியிருந்தது. அவள் விரல் அதையும் பழகிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் அவள் தங்கை புருஷனிடமிருந்து தப்பி ஓடிவந்தாள். கையில் ஒரு பை, கன்னத்தில் வீக்கம். "அந்த ஆளு கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாதுக்கா. பட்டேன்னா கொன்னுடுவான்" என்றாள். மிகைப்படுத்துகிற சுபாவம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

தன் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, அவன் முதலில் வந்து நிற்பதே அங்கேதான். அக்கா ஊரின் மறுகோடியில் அவளுக்கு ஓர் அறை பிடித்தாள். ஒரு தையல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தாள். பழைய போனை உடைத்துப் போட்டுவிட்டு, புது போனில் புது சிம்மைத் தன் கவுண்டரிலேயே போட்டுக் கொடுத்தாள். தன்னைத் தவிர ஈ காக்காய்க்கும் தெரியாத நம்பர் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. விரல் மட்டும் வழக்கம்போலத் தன் வேலையைப் பார்த்திருந்தது.

ஒரு நாள் மத்தியானம் கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, முகம் கொள்ளாத சிரிப்பு.

"சௌக்கியமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் அரட்டை ஆப். 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று போட்டு, தங்கையின் பெயரும் புது நம்பரும் இருந்தன. அதற்குக் கீழே அவள் குடியிருக்கும் பேட்டையின் பெயர்.

"சத்தியமா நான் தேடலக்கா. மாசக்கணக்கா நாயா அலைஞ்சும் கிடைக்கல. இன்னைக்கு அதுவா வந்து சொல்லுது."

அவள் போனை அவன் பக்கமே நகர்த்தி வைத்தாள்.

"ஏரியா தெரிஞ்சுபோச்சு. வீட்டை மட்டும் நீங்க சொல்லிடுங்க."

"எனக்குத் தெரியாது."

"பரவாயில்ல. விசாரிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் தங்கையைக் கூப்பிட்டாள். "கிளம்புடி, இப்பவே. சிம்மைக் கழட்டி எறி." வைத்துவிட்டு மேனேஜரிடம் ஓடினாள். "சார், ஒரு நம்பரோட விவரம் அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கு. உடனே எடுக்கச் சொல்லணும்."

"போனது போனதுதான்க்கா. சம்மதம்னு அழுத்தியிருக்காங்கல்ல?"

"அழுத்தினது நான் சார்!"

"கஸ்டமர் எதிர்லதானே நின்னாங்க? அப்ப அவங்க அழுத்தின மாதிரிதான்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த நியாயத்தை நம்பித்தான் அவளும் இத்தனை நாள் டிக் போட்டிருக்கிறாள். மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தாள்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. தங்கைதான். பின்னால் பஸ்களின் இரைச்சல்.

"துணியெல்லாம் எடுத்து வைக்கறதுக்குள்ள வாசலுக்கே வந்துட்டான்க்கா. போட்டோவைக் காட்டித் தெருத்தெருவா கேட்டிருக்கான். பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சேன்."

"அடி கிடி பட்டுச்சா?"

"அது கிடக்கட்டும். எப்படிக்கா கண்டுபிடிச்சான்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லிவிட்டாள், கட்டம், டிக், கம்பெனி எல்லாவற்றையும்.

"நீயாக்கா?"

"தெரியாம செஞ்சுட்டேன்டி. நீ இருக்கற இடத்தைச் சொல்லு, ஓடி வர்றேன். வேற சிம்..."

"வேணாம். நீ வேணும்னு செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியும். ஆனா இனிமே என் நம்பர் உன்கிட்ட இருக்க வேணாம்க்கா. நான் எங்க போறேன்னும் கேக்காத."

இணைப்பு அறுந்தது. கடை நடுவிலேயே அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதறிப்போய் அதே நம்பரைக் கூப்பிட்டாள். யாரோ ஒரு வயசாளி எடுத்தார்.

"அந்தப் பொண்ணாம்மா? போனைக் குடுத்துட்டு பஸ் ஏறிடுச்சே."

"எந்த ஊர் பஸ்ஸுங்கய்யா? நான் அவளோட அக்கா."

"மன்னிச்சுக்கம்மா. அக்கா கேட்டாக்கூட சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."