முதலில் கேட்ட கேள்வி

தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு முத்துக்குமார் பலகையில் உட்கார்ந்துவிட்டான். பிளேடு மாற்றிக்கொண்டிருந்த நாவிதர் ராமப்பன் கையை நிறுத்தினார்.

"நீங்க பெரியவரு இல்லீங்களா? தாய்க்குக் கடைசிப் பையன்தான் கொள்ளி. மொதல்ல அவருக்குத்தான் மழிக்கணும்."

தெரியாத வழக்கமில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைத்தது அவன்தான். இருந்தும் கால் தானாக வந்துவிட்டது. பக்கவாதத்தில் விழுந்த அம்மா ஜோதிமணியை இரண்டு வருஷமாகத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியவன் அவன். கொள்ளி மட்டும் விடியலில் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கிய தம்பி கௌதமுக்கு.

"இதுலயும் அவன்தானா மொதல்ல" என்று எழுந்து, ஓசூர் லைன் வீட்டின் பின்பக்கத் தொட்டியருகே போய் நின்றான்.

அம்மாவின் கோணிய வாயில் குமார் என்ற பெயர் 'உமாவு' என்றுதான் வரும். சின்னவன் வேலையைச் சொல்லும்போது 'குவாண்டம்' மட்டும் எப்படியோ நேராக வந்துவிடும். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் எப்படிப் பார்த்துக்கொள்கிறான் என்று தம்பி போனில் கேட்டதற்கு, "அவன் கடமைக்குப் பாக்கறான்" என்றாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து கஞ்சி ஊட்டினான், பேச்சுக் கொடுக்கவில்லை. நேற்று அவன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் போய்விட்டாள்.

மொட்டைத் தலையைத் துடைத்தபடி கௌதம் வந்தான்.

"ஏண்டா, நான் கடமைக்குப் பாக்கறேன்னு உங்கிட்ட எத்தன நாளா சொல்லிட்டிருந்தா?"

"உனக்குக் கேட்டுதாண்ணா?"

"போன ஸ்பீக்கர்ல போட்டுக் குடுத்ததே நான்தானே."

கௌதம் தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். "அம்மா அப்பிடிச் சொன்னதுக்குக் காரணம் நான் கேட்ட வரிசைண்ணா. நான் செய்யற ஆராய்ச்சியே அதான். அதே ரெண்டு கேள்விதான், வரிசைய மாத்திக் கேட்டா மனுசங்க பதிலு மாறிடும். சாதாக் கணக்குல அது அடங்காது. குவாண்டம் கம்ப்யூட்டருக்குப் போடற கணக்கு ஒத்துவருது. அன்னிக்கி நான் கூட இல்லாதது கஷ்டமான்னு மொதல்ல கேட்டேன். அழுதா. அப்பறம்தான் உன்னப் பத்திக் கேட்டேன்."

முத்துக்குமார் எழுத்துக் கூட்டிப் படித்ததே முப்பது வயதுக்குமேல், இரவு வகுப்பில். இதற்கு எழுத்து தேவைப்படவில்லை. அவன் வேலை பார்க்கும் சூளகிரி பிரஸ் ஷாப்பில் தகட்டைத் துளைத்துவிட்டு மடக்கினால் நல்ல பீஸ். மடக்கிவிட்டுத் துளைத்தால் ஓட்டை இடம் மாறிப்போகும், ஸ்கிராப் என்று குப்பையில் எறிவார்கள்.

"அப்ப எங்காதுல வுழுந்தது ஸ்கிராப்பு."

"இல்லண்ணா. ரெண்டும் அம்மா சொன்னதுதான். கேக்கற வரைக்கும் மனசுல எதுவும் முடிவாயிருக்காது. கேள்விதான் ஒண்ண முடிவாக்குது."

"ரெண்டுங்கறியே. இன்னொண்ணு எப்ப சொன்னா?"

"அதுக்கு முந்தின வாரம். நீ ஷிப்ட்ல இருந்த. உன்னப் பத்தி மொதல்ல கேட்டேன்."

"என்ன சொன்னா?"

கௌதம் துண்டை மடித்தான். பிரித்தான்.

"'அவன் கை இல்லேன்னா நான் ஏது'ன்னா. அப்பறம், நான் இல்லாதது கஷ்டமாம்மான்னேன். இல்லேன்னுட்டா. யோசிக்கக்கூட இல்ல."

உள்ளே சங்கு ஊதினார்கள்.

"அதான் மறுவாரம் மாத்திக் கேட்டேன்" என்றான் கௌதம்.

முத்துக்குமார் அவனை அடித்திருப்பான். ராமப்பன் கூப்பிட்டதால் போய்ப் பலகையில் உட்கார்ந்தான்.

வாய்க்கரிசிக்குக் கௌதமைத்தான் முதலில் அழைத்தார்கள். அவன் போட்ட அரிசி மூடிய உதட்டில் நிற்காமல் கன்னத்தில் வழிந்தது. அடுத்து முத்துக்குமார் குனிந்தான். வாயின் கோணிய பக்கம் போடாமல், நேரான ஓரத்தில் நாலு மணியை வைத்தான். தம்பி சிந்தியதையும் கட்டைவிரலால் மேல்நோக்கித் தள்ளி வழித்து, உதட்டோரம் சேர்த்தான். நாளும் கஞ்சியை வழிக்கிற அதே வழிப்பு.

"சின்னவரே, கொள்ளிப் பானையத் தூக்குங்க" என்றார் ராமப்பன்.

கௌதம் அசையவில்லை. அண்ணனின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.