கடைசி வளைவுவரை

தங்கராஜு அடுக்களையில் பிரிட்ஜுக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்தபோது, கூடத்தில் அவன் அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகன் செய்கிற காரியமா இது என்று வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

எல்லாம் சரஸ்வதி அத்தை வாயால் வந்தது. காலையில் வந்ததும் வராததுமாக, "நேத்து சாயங்காலம் ராஜு ஐஸ் பெட்டிக்கு காஸ் ஏத்துனான், இன்னிக்கு எங்கண்ணன் இல்லையே" என்று அழுகைக்கு நடுவே சொல்லி, அதன் சுவிட்சையும் அணைத்துவிட்டாள். அத்தை மனதில் கள்ளம் கிடையாது; வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிறவள். ஆனால் தங்கராஜு அதைக் கேட்டதும் நேரே பெட்டிக்குப் பின்னால் போய்விட்டான். சிங்கப்பூர் செம்பவாங் கடற்படைத் தளத்தில் எட்டு வருடமாகப் பிரிட்ஜ் பழுது பார்ப்பவன் அவன். இந்தப் பெட்டி ஜப்பான்காரன் சண்டைக்கு முந்தியது, தளத்தில் கழித்துப்போட்டது. இதற்குள் ஓடுவது பழைய மெத்தில் காஸ். வாசனை அவ்வளவாக இருக்காது. தூங்குகிறவர் மூச்சில் ஏறினால் எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

அப்பா அழகப்பனோ, கெர்பாவ் ரோட்டிலேயே நம் வீட்டில்தான் பெட்டி என்ற பெருமையில், யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் அதன் காலடியிலேயே கேன்வாஸ் கட்டிலைப் போட்டுப் படுப்பவர். ராத்திரி தூக்கத்திலேயே போனவருக்கு டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் டாக்டருக்கு மெத்திலைப் பற்றி யார் சொன்னது?

காஸ் கசிந்ததா இல்லையா என்று தெரியாமல் அவனால் கொள்ளி வைக்க முடியாது.

கூட வேலை செய்யும் அப்துல் கையூம் பிரஷர் மீட்டரை மாட்டிப் பார்த்தான். "முள்ளு கரெக்டா நிக்குது லா. விடு ராஜு."

"உள்ள ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் முள்ளு இங்கதான் நிக்கும். ஒனக்குத் தெரியாதா?"

கையூமுக்குத் தெரியும். மீட்டரைக் கழற்றினான்.

இனி ஒரே வழி, பெட்டியை ஓடவிட்டு, உள்ளே வளைந்து வளைந்து போகும் குழாயில் பனி எதுவரை பிடிக்கிறது என்று பார்ப்பது. நேற்று காஸ் ஏற்றி முடித்தபோது கடைசி வளைவுவரை வெள்ளையாகப் பிடித்திருந்தது. ஆளைக் கொல்லும் அளவுக்குக் கசிந்திருந்தால் இன்று பாதியிலேயே நின்றுவிடும்.

சுவிட்சைப் போட்டான். மோட்டார் உறுமியதும் அத்தை எழுந்து வந்தாள். "பொணம் கெடக்குற வீட்டுல என்னடா மெசின் சத்தம்?"

அவன் அம்மா கண்மணி அடுக்களை வாசலிலேயே மறித்தாள். "ஓடட்டும் சரசு. நீ போயி அங்க உக்காரு."

கதவைத் திறந்து திறந்து பார்த்தால் பனி பிடிக்காது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன், நிமிடத்துக்கு ஒருமுறை திறந்தான். முதல் வளைவு வெளுத்தது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதில் வந்து அப்படியே நின்றது. "குளிப்பாட்டியாச்சு, மகன் எங்கப்பா?" என்று கூடத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். அவன் மறுபடியும் கதவைத் திறந்தான்.

பிறகு மெல்ல, ஐந்தாவதும் வெளுத்தது. கடைசி வளைவு.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் கையூம், கொஞ்சம் சத்தமாகவே.

நெஞ்சில் கிடந்த பாறை இறங்கியது. அப்பா தானாகத்தான் போயிருக்கிறார். சாவு வீட்டில் சந்தோஷப்படுவது பாவம்தான். ஆனாலும் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. காலையிலிருந்து வராத அழுகை இப்போது உடைத்துக்கொண்டு வந்தது.

கண்மணி பக்கத்தில் வந்து நின்றாள். "இருக்கா?"

எது என்று அவள் சொல்லவில்லை. புருஷன் தலைமாட்டில் உட்கார வேண்டியவள் காலையிலிருந்து அடுக்களை வாசலைவிட்டு ஏன் நகரவில்லை, கையூமைத் தவிர ஒருவரையும் ஏன் உள்ளே விடவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"காஸ் அப்படியே இருக்கும்மா. கொஞ்சங்கூடப் போகல."

அவள் பெட்டிக்குள் கையை விட்டு அந்தக் கடைசி வளைவைத் தானே தொட்டுப் பார்த்தாள். விரல் மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை. பிறகு அந்த ஈரக் கையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"போப்பா. ஒங்கப்பா காத்துக்கிட்டிருக்காரு."