வேடியப்பன் கொல்லையில் நின்ற மாப்பிள்ளை

1941ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தணி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஏசுவடியான் வீட்டு வாசலில் எலியாஸ் நின்ற தடம் இருந்தது. எலியாஸ் அப்போது அமெரிக்காவில் இருந்தான். இரண்டு கால்கள் அகலமாகப் பதிந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி, குதிகால் பக்கம் மண் எகிறிக் கிடந்தது. முன்னால் நடுவில் வலது கை முட்டியின் அச்சு. மோதிர விரல் பதிய வேண்டிய இடத்தில் மட்டும் மண் அப்படியே மேடாக இருந்தது. அந்த விரலைக் கூட்ஸ் வண்டிக் கதவு வாங்கிக்கொண்டு வெகுநாளாகிறது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே யாருடைய தடம் என்பதில் தகராறு வரவில்லை. எப்படி வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போனார்கள்.

அது ஏசுவடியானின் மகள் தேவசுந்தரிக்காக வந்த தடம். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தருகிறவள். எலியாஸ் அவளுக்கு அத்தை மகன், பாவா என்று கூப்பிடுவாள். ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் காவடிக் கூட்டம் நெருக்கியபோது, வீட்டில் சொல்லாமல் வேடிக்கை பார்க்கப் போயிருந்த தேவசுந்தரி இடறி விழுந்துவிட்டாள். எலியாஸ் அவளுக்கு முன்னால் வந்து கால்களை அகட்டி, குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றித் தலையைத் தாழ்த்தினான். செய்தது அவ்வளவுதான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும், இரண்டு மாட்டு வண்டிகளும், வாய்க்கால் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகிற மாதிரி அவனைச் சுற்றிப் போயின. கூட்டம் அடங்க வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை அவள் அவன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரோ சிந்திவிட்டுப் போன பொரியைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். அதைவிட நிம்மதியான ஒரு பகல் தன் வாழ்க்கையில் கிடையாது என்று பிற்பாடு சொல்லுவாள்.

இதையெல்லாம் மிஷன் துரை பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தேசமான அமெரிக்காவில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கு ஆள் எதிரெதிரே குனிந்து நின்று தள்ள வேண்டும். பந்தும் இருக்கிறது, ஆனால் முன்வரிசைக்காரன் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. தனக்குப் பின்னால் பந்தோடு நிற்கிறவனிடம் எவனும் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். தான் படித்த காலேஜுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று துரைக்கு ஆசை வந்தது. துரைக்கு ஒரு ஆசை வந்தால் அது நடக்கும் காலம்.

ஒரே ஒரு சங்கடம். எலியாஸுக்கும் தேவசுந்தரிக்கும் சபையில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கலியாணம், தடை சொல்ல எவராவது உண்டா என்று மூன்று ஞாயிறு கேட்க வேண்டும், மூன்று ஞாயிறும் சபை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம்தான் தாலி. இரண்டு ஓலை ஆகிவிட்டது. மூன்றாவது ஞாயிறுக்கு முன்னாலேயே பம்பாயில் கப்பல். யுத்தகாலம், அடுத்த கப்பல் எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"ரெண்டே வருசம். வந்ததும் மூணாவது ஓலையப் படிக்கச் சொல்லிடலாம்" என்றான் எலியாஸ், ஸ்டேஷனில்.

"ஆங். போய்ட்டு வா பாவா" என்றாள் தேவசுந்தரி. மனசு மட்டும் போகாதே போகாதே என்று அடித்துக்கொண்டது.

அதிலிருந்து அவள் கலியாணம் ஆனவளும் இல்லை, ஆகாதவளும் இல்லை. அம்மையார்குப்பத்திலிருந்து நல்ல இடம் ஒன்று கேட்டு வந்தார்கள். உபதேசியார் ஜெபதாஸ் வாசலிலேயே நிறுத்தி, "ரெண்டு ஓலை வாசிச்ச பொண்ணுங்க அது" என்று அனுப்பிவிட்டார்.

எலியாஸ் ஓடியாடி வேலை செய்து படித்ததையும், முதல் வருஷம் குளிரில் காது மரத்துப்போனதையும் கடிதங்கள் சொல்லின. அவன் ஆடியதைத் தடம்தான் சொன்னது. மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நின்றுவிடும். குதிகால் ஆழமாக இருந்தால் எதிராளி பலசாலி. கைமுட்டி அச்சு லேசாக இருந்தால் எலியாஸ் சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறான். தேவசுந்தரி அதைப் படிக்கக் கற்றுக்கொண்டாள், பிள்ளைகளின் சிலேட்டைப் படிக்கிறவளுக்கு அது பெரிய காரியமா. காலேஜ் பத்திரிகையில் வந்த படம் ஒன்றைத் துரை கொண்டுவந்து காட்டினார். பந்தோடு ஓடுகிறவன் முழுசாக இருந்தான். எலியாஸின் ஒரு பூட்ஸ் மட்டும் மூலையில் இருந்தது. அவள் அதை வைத்துக்கொள்ளவில்லை. வாசலில் அதைவிட நன்றாகவே அவன் இருந்தான்.

அவன் தோற்கிறவன் இல்லை. வாரத்துக்கு வாரம் தடம் முன்னால் போயிற்று, அதாவது வீட்டைவிட்டுத் தள்ளிப் போயிற்று. வாசலைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அடுத்தாற்போல் இருந்த வேடியப்பனின் கடலைக் கொல்லைக்குள் நுழைந்தது. வேடியப்பன் வந்து ஏசுவடியானிடம் முறையிட்டான்.

"நைனா, உங்க மாப்பிள்ள என் கொல்லையில நின்னுகினு கீறாரு. நாலு பாத்தி செடி போச்சி. நல்லவரு, நான் இல்லன்னு சொல்லல. கடலையில நிக்கணுமா?"

ஏசுவடியான் என்ன செய்வார், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனை இங்கிருந்து அதட்டவா முடியும். மறுவருஷம் வேடியப்பன் அந்தப் பட்டையை மட்டும் விதைக்காமல் விட்டான். டிசம்பரில் தடத்துக்குள் வெள்ளையாக, சில்லென்று ஏதோ உறைந்து கிடந்தது. உப்பு என்று நினைத்து ஆடுகள் நக்கிப் பார்த்துத் தும்மின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தடம் பின்னால் வந்திருந்தது. எலியாஸை யாரோ தள்ளியிருக்கிறார்கள். குதிகால் இரண்டும் கோடு இழுத்துக்கொண்டு, வேலியைக் கடந்து, முருங்கை மரத்தடி வரைக்கும் வந்து நின்றிருந்தன. தேவசுந்தரி அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் தோற்றதற்கு அழவில்லை. அவ்வளவு கிட்டே அவன் வந்தே வருஷங்கள் ஆகியிருந்தன. அவளுக்கு அவன் வேண்டும். அவன் ஜெயிக்கிற ஒவ்வொரு முறையும் அவளைவிட்டுத் தூரம் போகிறான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்றிலிருந்து பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அவள் எழுந்து, "எதிரே நிற்கிறவர்களுக்குப் பெலன் தாரும் ஆண்டவரே, அவர்களைத் தாங்கும்" என்று ஜெபிக்க ஆரம்பித்தாள். உலகமெல்லாம் யுத்தம் நடக்கிற நேரம். சத்துருக்களுக்காக ஜெபிக்கச் சொன்ன வேத வசனம் நம் சபையிலேயே நிறைவேறுகிறது என்று ஜெபதாஸ் உபதேசியார் புல்லரித்துப்போய், ஒரு ஞாயிறு பிரசங்கம் முழுக்க அவள் பெயரைச் சொல்லியே பண்ணினார். தேவசுந்தரி தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

ஜெபம் பலித்தது, ஆனால் கேட்ட விதமாக இல்லை. 1944இல் ஒரு காலை, தடத்தில் ஒரு கால் மட்டும் இருந்தது. மற்றதன் இடத்தில் ஒரு ஆள் பக்கவாட்டில் விழுந்த பள்ளம். முழங்கால் திருகிவிட்டது என்று இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அந்த இரண்டு மாதமும் அவள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனாள். அதற்குப் பிறகு யாருக்காகவும் அவள் சத்தமாக ஜெபிக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இரண்டு காலும் திரும்பி வந்து, நேராக வேடியப்பன் கொல்லைக்குள் போய் நின்றன.

யுத்தம் முடிந்தது. கப்பல்கள் ஓடின. எலியாஸ் வரவில்லை. காலேஜ் ஆட்டம் போய், சம்பளத்துக்கு ஆடுகிற கூட்டத்தில் சேர்ந்திருந்தான். அவனை நகர்த்தக்கூடிய ஆள் அந்தத் தேசத்தில் இல்லை என்று பேர். சில ஊர்களில் அவன் நிறத்தைப் பார்த்து ஓட்டலுக்குள் விடாமல், பஸ்ஸிலேயே படுக்கச் சொன்னார்களாம். மறுநாள் அந்த ஊர்க்காரர்களை அவன் தள்ளிய தள்ளில் வேடியப்பன் கிணற்றங்கரை இடிந்தது. ஏன் வரவில்லை என்று அவள் கேட்டு எழுதியதற்கு அவன் எழுதினான்: "குனிஞ்சி நின்னா, நீ அன்னிக்கு மாதிரியே என் பின்னால உக்காந்துகினு கீறன்னு நெனச்சிக்குவேன். அப்புறம் எவன் வந்தாலும் கால் நகராது. திரும்பிப் பாக்கணும்னு இருக்குது. ஆனா குனிஞ்சவன் திரும்பக்கூடாது, அது ஆட்டத்துச் சட்டம். இன்னும் ரெண்டு வருசம்னு கேக்கறாங்க."

தேவசுந்தரிக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. தனக்காகத்தான் ஒருத்தன் அசையாமல் நிற்கிறான், அதனாலேயே வராமலும் இருக்கிறான் என்றால் யாரிடம் போய்ச் சொல்லுவது. தான் பின்னால் இருக்கிற வரைக்கும் அவன் திரும்பவே மாட்டான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. காதோரம் இரண்டு நரை முடி வந்திருந்தது.

1949ஆம் வருஷம் அந்தக் கூட்டத்தார் சனிக்கிழமை ராத்திரியில் விளக்குப் போட்டு ஆட ஆரம்பித்தார்கள். அங்கே ராத்திரி என்றால் இங்கே ஞாயிறு விடிகிற நேரம். ஆகையால் தடம் விழுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஆள் இல்லை. மண் மட்டும் தானாக அழுந்தியது, கைமுட்டி பதிந்தது, குதிகால் தோண்டியது. பால் கறக்கப் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, தேவசுந்தரி ஆலயத்துக்குப் போகிற வெள்ளைப் புடவையைக் கட்டி, தலையில் மருக்கொழுந்து வைத்துக்கொண்டு கொல்லைக்குள் போனாள். மண் அழுந்த ஆரம்பித்ததும், தடத்துக்குப் பின்னால் நிற்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கால்களை அகட்டி, குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றினாள்.

"பின்னால இருந்தது போதும் பாவா. வா" என்றாள்.

தள்ளினாள். முதலில் ஒன்றும் நகரவில்லை, ஆடிக் கிருத்திகைக் கூட்டமே நகர்த்தாத ஆள். அவள் தோளில் எதுவும் படவில்லை, ஆனாலும் தோள் வலித்தது. பிறகு குதிகால்கள் மெல்ல மண்ணைக் கீறின. கொல்லையிலிருந்து வேலி, வேலியிலிருந்து முருங்கை மரம், அங்கிருந்து வாசல் என்று அவன் தடம் பின்வாங்க, அவள் தடம் எதிரே ஏறி வந்தது. வேடியப்பன் ஏர்க்காலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். வாசற்படியில் போய் முட்டியதும் நிறுத்தினாள். கைகால் கழுவிக்கொண்டு ஆலயத்துக்குப் போனாள், முதல் பாட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டாள்.

டிசம்பரில், அரக்கோணத்திலிருந்து வந்த பாசஞ்சரில் எலியாஸ் இறங்கினான். ஒரு காலை இழுத்து நடந்தான். அக்டோபரில் அந்த ராத்திரி ஆட்டத்தில், மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், எதிராளி கீழே விழுந்து கிடக்கும்போதே, அவன் தானாகப் பின்னால் வழுக்கிக்கொண்டு போய் ஜனங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் முட்டி நின்றானாம். ஆயிரக்கணக்கான பேர் சிரித்தார்களாம். வயதாகிவிட்டது என்று கூட்டத்தார் அனுப்பிவிட்டார்கள்.

"யாரு தள்னதுன்னு தெரிஞ்சிதா?" என்று கேட்டாள் தேவசுந்தரி.

"மருக்கொழுந்து வாசன வந்துச்சி" என்றான். "அப்புறம், அத்தினி கூட்டத்துல என்னப் பாவான்னு கூப்புட யாரு கீறாங்க."

உபதேசியாருக்கு ஒரு சந்தேகம். முதல் இரண்டு ஓலையும் வாசித்து ஒன்பது வருஷம் ஆகிறதே, திரும்ப முதலிலிருந்து வாசிக்கலாமா என்று கேட்டார். "படிச்சதப் படிச்சதாவே வச்சிக்கோங்க ஐயா" என்றாள் அவள். அந்த ஞாயிறே மூன்றாவது ஓலையை வாசித்து, தடை சொல்ல எவராவது உண்டா என்று கேட்டார். சபை வாயை மூடிக்கொண்டிருந்தது. வெளிவாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேடியப்பன் நின்றான்.

"தட ஒண்ணும் இல்லீங்க. இனிமே நிக்கறதுன்னா அவரு வூட்டு வாசல்லயே நிக்கட்டும்" என்றான்.

ஜனவரியில் கலியாணம். முன்வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் நட வேண்டியிருந்தது. படியோரம் எலியாஸின் இரண்டு கால் குழியும் அதற்குச் சரியான அகலத்தில் இருந்தன, அதனால் தனியாகத் தோண்டவில்லை.