வளைவுக்குப் பதினோரு டக்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதில்லை. ஆலங்குடியில் ராக்கன் என்பவருடைய ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் காருக்கு விளக்கு மாற்றப் போயிருந்தேன். போன இடத்தில் கையில் மாட்டியது. மாட்டியது என்பதைவிட எடுத்துக்கொண்டேன் என்பதே சரி. அது ஏன் என்பதற்கு ஐந்தாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதே சொன்னால் நீங்கள் என்னோடு மேற்கொண்டு வரமாட்டீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

அந்தி மயங்கும் வேளையில் ஆலங்குடிச் சாலையில் ஒரு மஞ்சள் ஒளி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு மனிதனின் நெடுநாளைய

நெடுநாளைய என்ன? ஏக்கம் என்று எழுதத்தான் கை போனது. முதல் வரியிலேயே ஏக்கத்தைப் போட்டு உடைத்தால் பிறகு எதை வைத்துக் கதை சொல்வது? மேலும் அது மஞ்சள் ஒளி இல்லை, வெள்ளை. பிரச்சினையே அதில்தான். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

"என்னண்ணே, லைட்டு நல்லாத்தானே எரியுது?" என்றார் ராக்கன்.

"லைட்டுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. சத்தத்தக் காணோம்" என்றார் ஆரோக்கியதாஸ்.

இது என் காதால் கேட்டது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. இங்கிருந்தே தொடங்கலாம்.

2

ஆரோக்கியதாஸுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தாலுகா ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஊர். போய்வர ஒரு பழைய சின்னக் கார் வைத்திருக்கிறார். என்னுடையதும் அதே ரகம், அதே வருஷம். நிறம்தான் வேறு. (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அவருடைய மனைவி அடைக்கலமேரி குவைத்தில் இருக்கிறார். ஒரு வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு அம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலை. இரண்டிரண்டு வருஷ ஒப்பந்தமாக ஆறு வருஷம் ஆகிவிட்டது.*

* வரைவில் அடைக்கலமேரியை 'அவள்' என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். பார்த்தே இராத ஒருவரை நான் எப்படி அவள் என்பது? ஆரோக்கியதாஸே எங்களிடம் பேசும்போது "வீட்ல" என்றுதான் சொன்னார். "வீட்ல சொன்னாங்க, வீட்ல கேட்டாங்க" என்று. வீடு குவைத்தில் இருந்தது.

குவைத்தில் மணி நான்கு அடிக்கும்போது நமக்கு ஆறரை. அந்த அம்மாள் தூங்கும் நேரம் அது. ஆரோக்கியதாஸ் கடையைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறுவார். போன் வரும். "பக்கத்து சீட்டுல வச்சிட்டு நீங்க ஓட்டுங்க" என்பாராம் அடைக்கலமேரி. அதற்குமேல் பேச்சு அதிகம் கிடையாது. படம் வேண்டாம், குரலும் வேண்டாம், வண்டிச் சத்தம் போதும். பஸ் ஸ்டாண்டின் இரைச்சல், பிறகு வேகத்தடையில் பின்சீட்டு குலுங்குவது, பிறகு முந்திரிக் காட்டுப் பக்கம் சத்தமே இல்லாமல் போவது. கடைசியாகச் சின்னப் பாலம். பாலத்தைத் தாண்டியதும் வலது பக்கம் ஊருக்குத் திரும்பும் வளைவு.

அந்த வளைவில் எதிரே வண்டி வருவது அபூர்வம். பின்னாலும் யாரும் வரமாட்டார்கள். யாரும் அங்கே இண்டிகேட்டர் போடுவதில்லை. ஆரோக்கியதாஸ் மட்டும் பாலம் தாண்டியதும் போடுவார். "யாருக்கு மாமா கை காட்டுறீக, கொக்குக்கா?" என்று ஊரில் கேலி செய்வார்களாம். டக், டக், டக் என்று பதினொன்று அடிக்கும்போது வண்டி வளைவில் திரும்பியிருக்கும். பதினொன்று என்று எண்ணிச் சொன்னது அடைக்கலமேரிதான். ஓட்டுகிறவருக்கு அதுவரை தெரியாது.

பதினோராவது டக் முடிந்ததும் குவைத்திலிருந்து அவர் சொல்வார்: "வந்துட்டோம்."

ஆறு வருஷமாக ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு பேரும் இப்படித்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

3

இந்த மனிதரை நான் நம்பவில்லை.

எழுதத் தொடங்கி இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. சத்தத்தை மட்டும் கேட்கிற மனைவியை ஏமாற்றுவதா பெரிய வேலை? வண்டியை எங்கே நிறுத்தினாலும் இண்டிகேட்டர் அடிக்கும். வேறொரு வாசலில் நின்றுகொண்டு பதினொன்று அடித்துக் காட்டினால் குவைத்துக்கு என்ன தெரியும்? அப்படியும் ஒரு வரைவு எழுதினேன். அதில் சொர்ணவல்லி என்று ஒரு பெண்ணை உண்டாக்கி, ஆலங்குடியிலேயே வாடகைக்கு வீடு பிடித்து, அவள் கையில் காபித் தம்ளரையும் கொடுத்து வாசலில் நிறுத்திவிட்டேன். ஆரோக்கியதாஸ் கார் கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் திறக்கவில்லை. மூன்று நாள் காத்திருந்தேன். மனிதர் சீட்டை விட்டு அசையவில்லை. காபி ஆறிப்போய் சொர்ணவல்லி உள்ளே போய்விட்டாள்.

காரணம், அன்று பட்டறையில் டீ குடிக்கும்போது அவர் சொன்ன ஒரு விஷயம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. ஆனாலும் ஆறு மணிக்கு வீட்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்குடி வரை சும்மா போவாராம். போய்த் திரும்புவாராம்.

"எதுக்குண்ணே பெட்ரோலக் கொளுத்திக்கிட்டு?" என்றார் ராக்கன்.

"வீட்டுலயே உக்காந்திருந்தா எப்புடிய்யா வீட்டுக்கு வாரது?" என்றார் அவர்.

இப்படிச் சொல்கிறவரை வைத்துக்கொண்டு நான் துரோகக் கதை எழுத முடியாது. சொர்ணவல்லி மன்னிக்கட்டும்.

4

விளக்கு ஏன் மாறியது?

போன மாதம் சாலையில் உளுந்து காயப்போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய பல்பின் மங்கல் மஞ்சள் வெளிச்சத்தில் ஆரோக்கியதாஸுக்குக் கல் தெரியவில்லை. டம்மென்று ஏற்றிவிட்டார். வண்டிக்கும் ஆளுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து சீட்டில் போன் இருந்தது. குவைத்தில் ஒரு பெண் அந்த டம்மைக் கேட்டார். அதன் பிறகு அரை நிமிடம் வேறு எதையும் கேட்கவில்லை.

"எல்.ஈ.டி மாத்துங்க. இல்லாட்டி வெளிச்சத்தோட வீட்டுக்கு வந்து சேருங்க, எனக்காக ஆறரை மணி வரைக்கும் கெடக்க வேணாம்" என்று அவர் அழுதாராம்.

அந்த ஆறரை மணிச் சவாரியைக் கைவிட ஆரோக்கியதாஸுக்கு மனமில்லை. வியாழக்கிழமை ராக்கனிடம் வந்து, "வெளியில எரியிற எல்லாத்தையும் மாத்திரு" என்றார். ராக்கன் முழு செட்டாக மாற்றினார். முன்விளக்கு, பிரேக் விளக்கு, ரிவர்ஸ், நம்பர் பிளேட், நான்கு மூலை இண்டிகேட்டர்.

இங்கே கொஞ்சம் தொழில் விஷயம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைப்பது பிளாஷர் என்று ஒரு தீப்பெட்டி அளவுப் பொருள். டக் டக் சத்தம் அதனுடையது. பழைய பல்பு நிறையக் கரண்ட் இழுக்கும். எல்.ஈ.டி இழுப்பது சொற்பம். பிளாஷருக்கு அது புரியாது. பல்பு ஒன்று போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு பதறிப்போய் டக்டக்டக்டக் என்று அடித்துக்கொள்ளும். உண்மையில் யாரும் போகவில்லை, எல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

(இந்த இடத்தில் பிளாஷரை வைத்துப் பிரிவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.)

அந்தப் பதற்றத்தைப் பார்த்த ராக்கன், கேட்காமலேயே புதுவகை பிளாஷர் ஒன்றைத் தன் செலவில் மாட்டிவிட்டார். அது நிதானமாக எரிய வைக்கும், ஆனால் சத்தம் போடாது. பிரியத்தில் செய்த வேலை.

அன்று சாயங்காலம் ஆரோக்கியதாஸ் பாலம் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, திரும்பி, வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தினார். போன் பேசியது.

"இன்னும் பாலம் வரலயாங்க?"

"வந்தாச்சே. வாசல்ல நிக்கிறேன்."

"ஓ" என்றார் அடைக்கலமேரி.

மறுநாள் ஆரோக்கியதாஸ் தானே முந்திக்கொண்டு, "வளைவு வந்துருச்சு மேரி" என்றார். "சரிங்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். மூன்றாம் நாள் சனிக்கிழமை. முந்திரிக் காட்டுப் பக்கம் வரும்போதே அடைக்கலமேரி கேட்டார்:

"திங்கக்கெழம காலையில கையெழுத்துக் கேக்குறாங்க. இன்னும் ரெண்டு வருசம். என்னங்க சொல்லட்டும்?"

இந்த ஒப்பந்தத்தோடு ஊருக்கு வந்துவிடுவதாகத்தான் பேச்சு. அதாவது, பேச்சே இல்லை. தினமும் வந்துட்டோம், வந்துட்டோம் என்று சொல்கிறவர் எப்படியும் வந்துவிடுவார் என்று ஆரோக்கியதாஸ் நினைத்திருந்தார். ஆறு வருஷத்தில் வந்துரு என்று அவர் ஒரு தடவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பதினோரு டக் தினமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அன்று அவர் சொன்ன பதில்: "ஒன் இஷ்டம்."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாராம். ஆனால் பாலம் வந்துவிட்டது. வளைவு சத்தமில்லாமல் போய்விட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் பட்டறைக்கு வந்ததற்குக் காரணம் இதுதான். அன்று சாயங்காலம் ஆறரைக்கு அந்தச் சத்தம் வேண்டும். மறுநாள் கையெழுத்து.

"பழைய பிளாஷரையே போட்டுக் குடு தம்பி. பழைய பல்பெல்லாம் டிக்கியில பையில கெடக்கு."

ராக்கன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பிளாஷர அன்னைக்கே கட்டுமாவடி மீன் வண்டிக்கு மாட்டி விட்டுட்டேண்ணே. இன்னைக்கு ஸ்பேர் கடை எதுவும் தெறக்காது. நாளைக்கு வேணா..."

"நாளைக்கு எனக்கு எதுக்குய்யா?"

இனி வருவது நான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டது.

என் கார் அங்கே பானட்டைத் திறந்தபடி நின்றது. அதே ரகம், அதே வருஷம். நானும் முழு செட் மாற்றத்தான் போயிருந்தேன். ராக்கன் என் பிளாஷரை எப்படியும் கழற்றிப் போடத்தான் போகிறார். அவர் என்னைப் பார்த்து, "சார், ஒங்க வண்டியில கழட்டுறத இவருக்கு மாட்டி விட்டுரவா?" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இண்டிகேட்டர் வேணாம் ராக்கன். முன்னாடி லைட்ட மட்டும் மாத்துங்க."

ஏன் சொன்னேன் என்று பலநாள் யோசித்துவிட்டேன். கஞ்சத்தனம் இல்லை, குப்பையில் விழுகிற பொருள் அது. பதினைந்து வருஷமாக என் காதில் விழுந்தும் நான் கேட்காத சத்தம். அவர் சொல்லக் கேட்ட அந்தப் பத்து நிமிடத்தில் அது விலைமதிப்புள்ளதாகிவிட்டது. அவருடைய ஏக்கம் என்னைத் தொற்றிக்கொண்டது, நான் பொருளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இன்னொன்றும் உண்டு. எனக்கு ஒரு கதை கிடைத்துக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கொடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

ஆரோக்கியதாஸ் என்னைக் கோபமாகப் பார்த்திருக்கலாம். "பரவால்ல சார்" என்றார். வண்டியை எடுத்தார். பட்டறை வாசலில் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டார். அழகாக, பளிச்சென்று, சத்தமில்லாமல் எரிந்தது.

அவர் போன பிறகு ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். நான் டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அரிமளத்தில் என் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் இப்போது நானும் இண்டிகேட்டர் போடுகிறேன். டக், டக். ஒருநாள் பதினொன்று எண்ணிவிட்டு, வந்துட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். வண்டியில் நான் மட்டும்தான் இருந்தேன். எனக்குப் போன் செய்து வண்டிச் சத்தம் கேட்க யாரும் இல்லை. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

6

ஆக, அன்று சாயங்காலம் பாலத்தில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது. ராக்கனிடம் கேட்கலாம். அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. எழுதிப் பார்த்த முடிவுகள்:

சத்தமில்லாமல் வளைவு வருகிறது. அடைக்கலமேரி திங்கட்கிழமை கையெழுத்துப் போடுகிறார். இதுதான் நடந்திருக்கும் என்று என் அனுபவம் சொல்கிறது. இதை எழுதிய கையோடு கிழித்துவிட்டேன், ஏனென்றால் இதில் குற்றவாளி நான்.

கட்டுமாவடி மீன் வண்டி தற்செயலாக எதிரே வந்து, அதன் இண்டிகேட்டர் அவருடைய பழைய பிளாஷரில் டக் டக் என்று

வேண்டாம். அப்படியெல்லாம் நடக்காது.

அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "மேரி, வந்துரு" என்று சொல்லிவிடுகிறார். இதற்காக நான் ஒரு வாரம் முயன்றேன். வாயைத் திறக்க வைத்தேன், வண்டியை நிறுத்த வைத்தேன், மழைகூடப் பெய்ய வைத்தேன். மனிதருக்கு வார்த்தை வரவில்லை. ஆறு வருஷத்தில் வராதது என் பேனாவுக்காக வந்துவிடுமா?

வார்த்தைதான் வராது. நாக்கு வரும்.

எனக்குப் பிடித்த முடிவு இதுதான். பாலம் தாண்டுகிறது. இண்டிகேட்டர் ஊமையாக எரிகிறது. ஆரோக்கியதாஸ் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கிறார். டக். பக்கத்து சீட்டில் போன் அமைதியாக இருக்கிறது. டக். ஐம்பது வயதைத் தாண்டிய ஜெராக்ஸ் கடைக்காரர், கொக்குகூட இல்லாத ரோட்டில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை போல. டக். டக். இது பிளாஷர் இல்லை என்று குவைத்தில் முதல் சத்தத்திலேயே தெரிந்துவிடும். டக். தெரிந்தும் அவர் எண்ணுவார். டக். டக். டக். எட்டாவதோடு சத்தம் நின்றுவிடுகிறது. நாக்கு உலர்ந்துபோகிறது. வளைவு வந்துகொண்டே இருக்கிறது.

இதற்குமேல் நான் அடிக்க முடியாது. எனக்கு அதற்கு யோக்கியதை கிடையாது, என் வண்டியில் சத்தம் இருக்கிறது. நீங்கள்தான் செய்ய வேண்டும். பஸ்ஸில் இருந்தாலும் சரி, பக்கத்தில் ஆள் இருந்தாலும் சரி, ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நாக்கை மேலே ஒட்டி இழுங்கள், மெதுவாக, இடைவெளி விட்டு. மூன்றே மூன்றுதான் பாக்கி.

அந்தப் பக்கத்தில் அடைக்கலமேரி எட்டு வரை எண்ணிவிட்டுக் காத்திருக்கிறார்.