மூன்று வயலினும் ஆறு தாடையும்

"அவ தாடைய வச்ச எடத்துலயே எம்பொண்ணும் தாடைய வைக்கணுமா?"

ஜெனவீவ் இப்படிக் கேட்டபோது அவள் கணவர் லியோனார்ட் மாஸ்டருக்கு வாய் நிறைய ரொட்டி. அதனால் பதில் சொல்லவில்லை. வாய் காலியாக இருக்கும்போதும் மனைவிக்கு அவர் சட்டென்று பதில் சொன்னவரல்ல, அது வேறு கதை.

"யாரச் சொல்ற?" என்றார் விழுங்கிவிட்டு, யாரென்று நன்றாகத் தெரிந்தும்.

"வேற யாரு? தோட்டத்துல சாவுக்குத் தப்படிப்பானே சன்னாசி, அவன் மக கலாவதி. வயலின் வேணும்னு எழுதிக் குடுத்திருக்காளாம். நம்ம டொரீனுக்கும் அவளுக்கும் ஒரே வயலினாம்."

மகள் டொரீன் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே, "நான் ஒண்ணும் கம்ப்ளெய்ன் பண்ணல லா, மம்மி. சும்மா சொன்னேன்" என்றாள். பதினைந்து வயதுப் பெண்கள் சும்மா சொல்லியே எத்தனையோ வீடுகள் பற்றி எரிந்திருக்கின்றன.

விஷயம் இதுதான். ஐம்பத்தைந்தாம் வருஷம் மலாயாவின் கோல சிலாங்கூரில், ஆற்றோரத்து மிஷன் பள்ளியில், மூன்றாம் ஃபாரம் மாணவிகள் தங்களுக்குப் பிடித்த ஒரு பாடத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை மதர் அறிவித்தார். தையல், சமையல், சங்கீதம். லியோனார்ட் மாஸ்டர் நடத்தும் சங்கீதத்துக்கு ஆறு பேர் சேர்ந்தார்கள். இருந்ததோ மூன்று பழைய வயலின். இரண்டு பேருக்கு ஒன்று. ஊரை விட்டுப் போன பட்டாளம் விட்டுச்சென்ற ஒரு டிரம்மும் மூலையில் கிடந்தது, அதை யாரும் கேட்கவில்லை. வயலினைக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிப் பிடிக்க வேண்டும். அந்த ஊர்ப் புழுக்கத்தில் தாடை வியர்க்கும், வியர்வை மரத்தில் ஊறும். ஜெனவீவின் கவலையெல்லாம் அந்த வியர்வை என்ன சாதி என்பதுதான்.

"சன்னாசி தப்ப விட்டு மூணு வருசமாச்சு" என்றார் மாஸ்டர் மெதுவாக.

உண்மைதான். மகள் பெரிய பள்ளிக்கூடத்துக்குத் தேறிய அன்று சன்னாசி தப்பை அடுப்பில் வைத்து எரித்தார். இனி எந்தச் சாவுக்கும் வரமாட்டேன், ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது மட்டும்தான் என் வேலை என்று தோட்டத்து மேஸ்திரியான மண்டோரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதன் பிறகு தோட்டத்தில் செத்தவர்களெல்லாம் தப்பில்லாமலேதான் போனார்கள். அதற்காக ஒரு பிணம்கூடத் திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

"விட்டா மட்டும் ரத்தம் மாறிடுமா? தோட்டத்து ஆபீஸ் கிராணி பெர்னாட் வீட்டுலயும் இதையேதான் கேக்குறாங்க. மகள நிறுத்திடுவாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை ஊரே விரலை நனைக்கும் தீர்த்தத் தொட்டியில்தான் ஜெனவீவும் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்கிறாள். அதை எடுத்துச் சொல்லலாமா என்று மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். பிறகு இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

லியோனார்ட் மாஸ்டர் தன்னை முற்போக்குக்காரர் என்று நம்பியவர். போன பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தில் சாதி ஒழிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி மாலை வாங்கியிருக்கிறார். ஆகவே கலாவதியை வகுப்பை விட்டே விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. தனக்கு வேண்டியவர்கள் யார் மனமும் நோகாதபடி ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று வகுப்பில் அவள் வயலினுக்குக் கை நீட்டியபோது குறுக்கே போய் நின்றார்.

"கலாவதி, உனக்கு டிரம். உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்."

"நான் வயலின்னுதானே சார் எழுதிக் குடுத்தேன்?"

"வயலின யாரு வேணாலும் வாசிக்கலாம்மா. டிரம்முக்குத் தாளம் வேணும். உனக்கு அது ரத்தத்துலயே இருக்கு."

புகழ்ந்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். கலாவதி நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லிப் பெண். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டாள்.

"வேணாம்னா?"

"வேணாம்னா தையல் கிளாஸ். அங்க எடம் இருக்கு."

கலாவதி வயலின் பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டாள். கிராணி வீட்டுப் பெண் நிம்மதியாக மூச்சு விட்டாள். மாஸ்டரும் விட்டார்.

மாதக் கடைசியில் ஜில்லா அதிகாரியான டி.ஓ. துரை பள்ளியைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர் முன்னால் கச்சேரி ஒழுங்காக நடந்தால் சங்கீத வகுப்பு தொடரும், மாஸ்டரின் தற்காலிக வேலையும் நிரந்தரமாகும் என்று மதர் சொல்லியிருந்தார். ஆனால் மூன்று வயலினும் மூன்று திசைக்கு இழுத்தன. டிரம் எண்ணிக்கை கொடுக்காவிட்டால் எங்கே தொடங்குவது என்றே யாருக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகி வரும்படி கலாவதியிடம் சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை அவள் தாமதமாக வந்தாள்.

"தோட்டத்து கேட்டுல நிறுத்திட்டாங்க சார்."

அவசரகாலம் அல்லவா. தொழிலாளர் வீட்டு லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, வெளியே போகும் சோற்றுத் தூக்கைக்கூடத் திறந்து பார்ப்பார்கள்.

"உள்ள அரிசி இருக்கா, தொறன்னாங்க. இது தொறக்கிற சாமான் இல்லன்னேன். அப்ப அடிச்சிக் காட்டு, சத்தத்துல தெரிஞ்சிடும்னாங்க. அடிச்சேன். காலைல பேர் குடுக்கப் பெரட்டுக்கு நின்ன சனம் பூரா கேட்டுக்கு ஓடியாந்து யாரு செத்தா, யாரு செத்தான்னு கேட்டுச்சு."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மாஸ்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். கலாவதி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"எங்கப்பாவும் அங்கதான் நின்னாரு. மண்டோர் தங்கராஜு அவரப் பாத்து, 'பரவால்லடா சன்னாசி, நீ விட்டத உம்மக புடிச்சிக்கிட்டா'ன்னாரு. அப்பா பால் வாளியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. எனக்கு வயலின் குடுங்க சார்."

"மொதல்ல டி.ஓ. வந்துட்டுப் போகட்டும். பாக்கலாம்."

பார்க்கலாம் என்பது மாஸ்டருக்கு மிகவும் பிடித்த சொல். அதைச் சொல்லிவிட்டால் எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தில் முதல் வரிசையில் துரை, மதர், கிராணி குடும்பம், பட்டுச் சேலையில் ஜெனவீவ். தோட்டத்துக்காரர்களுக்குக் கடைசி பெஞ்சு. சன்னாசி வெள்ளைச் சட்டை போட்டு அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். மேடை ஓரத்தில் மாஸ்டர் வயலின் விற்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மண்டோர் தங்கராஜு வந்து காதைக் கடித்தார். காதைக் கடிப்பதாக அவர்தான் நினைத்தார். நாற்பது வருஷம் பெரட்டுக்களத்தில் கத்திய தொண்டை அது.

"சார், பெரிய மண்டோரோட அம்மாவுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. சன்னாசிப் பய வரமாட்டேங்கிறான். இந்தப் புள்ளைய டிரம்மோட ஒரு நாளு அனுப்பி வையுங்களேன்."

கலாவதி நான்கடி தள்ளி நின்றிருந்தாள். மாஸ்டருக்கு மண்டோரைப் பகைத்துக்கொள்ளவும் மனமில்லை. சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, பாக்கலாம்" என்றார்.

திரை விலகியது. மூன்று வயலினும் தாடையில் ஏறின. மாஸ்டர் கையை உயர்த்தினார். டிரம் ஒலிக்கவில்லை. மறுபடி உயர்த்தினார். கலாவதி டிரம் வாரைக் கழுத்திலிருந்து கழற்றி, அவரிடம் வந்து, இரண்டு கையாலும் குச்சிகளை நீட்டினாள்.

"நீங்க அடிங்க சார்."

"என்ன வெளையாட்டு இது? துரை பாக்குறாரு!" என்று பல்லைக் கடித்தார்.

"வெளையாட்டு இல்ல சார். நான் இத நல்லா அடிச்சா நாளைக்குச் சாவுக்குக் கூப்புடுவாங்க. உங்கள யாரும் கூப்புட மாட்டாங்க. நீங்களே அடிங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மண்டபம் அமைதியாக இருந்ததால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. சன்னாசி எழுந்து நின்றுவிட்டார். மகள் மேடையை விட்டிறங்கி, நேராக நடந்துபோய் அப்பாவின் பக்கத்தில் நின்றாள். துரை கடிகாரத்தைப் பார்த்தார். மதர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டருக்குத் தன் நிரந்தர வேலை கண்முன்னே கரைவது தெரிந்தது. வாரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

கஷ்டம் என்னவென்றால், அவர் நன்றாக அடித்தார். துரை எழுந்து நின்று கைதட்டினார். மதர் முகமெல்லாம் மலர்ந்தது. முதல் வரிசையில் ஜெனவீவ் மட்டும் முந்தானையால் வாயை மூடியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் வேலை நிரந்தரமான சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனவரை அவள் வாசற்படி ஏறவிடவில்லை.

"பின்பக்கமா வாங்க. மொதல்ல கையக் கழுவுங்க. ஊரே பாக்க கழுத்துல மாட்டிக்கிட்டு அடிச்சீங்களே! கிராணி பொண்டாட்டி எங்கிட்ட வந்து, 'மாஸ்டருக்கு இது பழக்கமான தொழில் மாதிரி இருக்கே'ன்னு சிரிக்கிறா. நான் எங்க மூஞ்சிய வச்சிக்கிறது?"

கழுவிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. புல் வெட்ட வருகிறவனுக்கென்று கொல்லையில் கவிழ்த்து வைத்திருக்கும் டின் குவளையில் வந்தது. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவள் அதைக் கையில் கொடுக்காமல் படியில் வைத்துவிட்டுப் போனாள். மாஸ்டருக்கு அழுகை வந்தது. அவர் தனக்காகத்தான் அழுதார், சன்னாசிக்காக அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காப்பியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தார்.

திங்கட்கிழமை சங்கீத வகுப்பு. கலாவதி யாரையும் கேட்காமல் பெட்டியைத் திறந்து மூன்றாவது வயலினை எடுத்தாள். மாஸ்டர் இந்த முறை குறுக்கே வரவில்லை. அவள் தாடையை நன்றாக அழுத்தி வைத்துக்கொண்டு வில்லை இழுத்தாள்.

அப்படி ஒரு கர்ண கொடூரத்தை அந்தப் பள்ளி கேட்டதில்லை. ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. மற்ற ஐந்து பேரும் எவ்வளவு மோசமாக வாசித்தார்களோ, அதில் இம்மியும் குறையாத மோசம். மாஸ்டர் பல் கூச நின்றார்.

டொரீன் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ, போதும் லா! குடு, இப்ப என் டர்ன்."

"இரு" என்றாள் கலாவதி, வில்லை இறக்காமலே. "எனக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு."